இரவு இரண்டு மணிக்கும் மாலை நாலே முக்காலுக்கும் நடுவில்: ஸ்னாப்ஷாட்டிலிருந்து மின்னஞ்சல் தரவுத்தளத்தை மீட்கும் முறை

மண்ணடியில் ஒரு சுங்க முகமை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அறுபத்திரண்டு அஞ்சல் பெட்டிகள், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருள் ஓடும் ஒரே ஒரு சர்வர், அதற்கு நானும் உதவிக்கு ஒரு தம்பியும். துறைமுகத்தை ஒட்டிய இந்தத் தெருக்களில் ஒரு மெயில் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை இங்கே வேலை செய்பவர்கள் அறிவார்கள். சரக்கை விடுவிக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் மெயிலில்தான் வருகிறது. சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் திருத்தமும் மெயிலில்தான் வருகிறது. அது கைக்கு வரவில்லையென்றால் கண்டெய்னர் அசையாது, தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறும், எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டுநர் வண்டிக்கு அடியில் படுத்துக் காத்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு எங்கள் தரவுத்தளம் விழுந்தது. தரவுத்தளம் இருந்த வட்டுத் தொகுப்பில் ஒரு வட்டு ஏற்கெனவே போயிருந்தது; மாற்று வட்டு வருவதற்குள் இரண்டாவது வட்டும் தவறாகப் படிக்கத் தொடங்கியது. நிகழ்வுப் பதிவேட்டில் மைனஸ் 1018 என்ற பிழை எண். எக்ஸ்சேஞ்ச் பார்ப்பவர்களுக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கும். எழுதியபோது இருந்த பக்கமும் படிக்கும்போது கிடைக்கும் பக்கமும் ஒன்றல்ல என்று பொருள். பெரும்பாலும் வட்டிலோ அதன் கட்டுப்பாட்டு அட்டையிலோதான் கோளாறு இருக்கும்.

எங்களிடம் அன்று அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த ஸ்னாப்ஷாட், அதாவது வட்டு அந்த நொடியில் இருந்த நிலையின் படம், இருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தின் பொறியாளர் தொலைபேசியில் உடனே ஒரு வழி சொன்னார்: சர்வரை அப்படியே இரண்டு மணி நிலைக்குத் திருப்பிவிடலாம், பத்து நிமிட வேலை. முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றே அழைப்போம். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இன்றைக்குக் காலையிலிருந்து வந்த மெயில் எல்லாம் என்ன ஆகும் அம்மா?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பொறியாளர் சொன்னபடி செய்திருந்தால் பதினான்கே முக்கால் மணி நேர அஞ்சல் போயிருக்கும். செய்யவில்லை, ஒரு மெயில்கூடப் போகவில்லை. அதைச் செய்த வழியை, அடுத்தவர் திரும்பச் செய்யக்கூடிய அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

மெயில் எங்கே இருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தக் கட்டளையையும் தட்டாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் ஒரு மெயில் வந்தால் அது நேராகத் தரவுத்தளக் கோப்பில் போய் உட்காருவதில்லை. முதலில் லாக் கோப்பில் எழுதப்படும். பிறகு, சர்வருக்கு ஒழியும்போது, அந்த மாற்றம் ஈடிபி என்ற பின்னொட்டு கொண்ட பெரிய தரவுத்தளக் கோப்புக்குப் போகும். எதுவரை போய்ச் சேர்ந்தது என்பதை செக்பாயின்ட் கோப்பு என்ற சிறிய கோப்பு குறித்துவைத்துக்கொள்ளும். கடையில் விற்றதை அவ்வப்போது துண்டுச்சீட்டில் எழுதிவைத்து, இரவு பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேடு தீயில் போனாலும், பழைய பேரேட்டின் நகலும் அதன் பிறகு எழுதிய சீட்டுகளும் வரிசை குலையாமல் இருந்தால் கணக்கை மறுபடி எழுதிவிடலாம்.

லாக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு எம்பி. எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் அந்த அளவுதான். அதற்கு முன்பு ஐந்து எம்பியாக இருந்தது. முதல் தரவுத்தளத்தின் லாக் கோப்புகள் ஈ00 என்ற எழுத்துகளுடன் தொடங்கும், பின்னால் எட்டு இலக்க வரிசை எண் வரும். இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புக்கு மட்டும் எண் கிடையாது, வெறும் ஈ00தான். கவனிக்க வேண்டியது, அந்த வரிசை எண் பதினாறடிமான எண். ஒன்பதுக்குப் பிறகு பத்து வராது, ஏ வரும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் “நடுவில் கோப்பு காணவில்லை” என்று பதறுகிறார்கள்.

எங்கள் தரவுத்தளம் 212 ஜிபி. இரண்டு மணிக்குப் பிறகு சேர்ந்த லாக் கோப்புகள் மொத்தமாக ஏறத்தாழ ஒன்றரை ஜிபி. பெரியதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைய வேலை முழுவதும் அந்த ஒன்றரை ஜிபியில்தான் இருந்தது. நல்லவேளையாக லாக் கோப்புகளைத் தனி வட்டு இணையில் வைத்திருந்தோம். தரவுத்தளமும் லாக்கும் ஒரே வட்டில் இருந்திருந்தால் நான் இப்போது வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். உங்கள் சர்வரில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள்.

சர்க்குலர் லாகிங் என்ற அமைப்பையும் பாருங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் எழுதி முடிந்த லாக் கோப்புகளை சர்வர் தானே அழித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்துக்குத்தான் திரும்ப முடியும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட முன்னேற முடியாது. வட்டில் இடம் போதவில்லை என்று யாரோ எப்போதோ இதை இயக்கிவிட்டு மறந்திருப்பார்கள்.

முதல் அரை மணி நேரம்

தரவுத்தளம் விழுந்ததும் கை தானாக அதை மறுபடி ஏற்றி (மவுன்ட் செய்து, அதாவது இயக்கத்துக்குக் கொண்டுவந்து) பார்க்கப் போகும். ஒரு முறை முயன்று ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நோயுற்ற வட்டில் திரும்பத் திரும்ப எழுத முயல்வது அதை முழுதாகக் கொன்றுவிடும்.

சர்வரை முழுமையாகப் பழைய நிலைக்குத் திருப்புவதை நான் ஏன் மறுத்தேன் என்றும் சொல்கிறேன். ஒன்று, திருப்பினால் லாக் கோப்புகளும் இரண்டு மணிக்குப் போய்விடும். இரண்டு, தரவுத்தளம் படுத்திருந்தாலும் சர்வரின் அஞ்சல் போக்குவரத்துப் பகுதி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியிலிருந்து வருகிற மெயில்களை வாங்கி அது தன் வரிசையில் நிறுத்திவைத்திருக்கும், இயல்பு அமைப்பில் இரண்டு நாள் வரை. திருப்பினால் அந்த வரிசையும் போய்விடும். மூன்று, மெய்நிகர் இயந்திரத்தின் (மென்பொருளுக்குள் ஓடும் கணினியின்) ஸ்னாப்ஷாட்டுக்கு எக்ஸ்சேஞ்சின் உள்நிலை தெரியாது. அதைக் கொண்டு எக்ஸ்சேஞ்ச் சர்வரைத் திருப்புவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை.

எனவே முதல் வேலை நகல். லாக் கோப்புறை முழுவதையும், ஈ00 என்ற நடப்புக் கோப்பையும் செக்பாயின்ட் கோப்பையும் சேர்த்து, வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். பிறகு உடைந்த தரவுத்தளக் கோப்பையும் படிக்க முடிந்தவரை நகலெடுங்கள். அது உடைந்ததுதான், ஆனாலும் எறியாதீர்கள்; எல்லா வழியும் அடைத்துப்போனால் அதில் கிடைப்பதே கடைசி மிச்சம். இனி நகல்களில்தான் வேலை செய்யப் போகிறீர்கள். மூலத்தின்மேல் கை வைப்பதில்லை என்று உங்களுக்குள்ளேயே ஒரு சத்தியம் செய்துகொள்ளுங்கள்.

இதற்கிடையே அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்: அவுட்லுக்கில் எதையும் அழிக்காதீர்கள், கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள். அவர்கள் கணினிகளில் இருக்கும் ஓஎஸ்டி கோப்பில் அவரவர் அஞ்சலின் நகல் இருக்கிறது. கணக்கை நீக்கினால் அதுவும் பயன்படாமல் போகும். தம்பியை மாடி மாடியாக அனுப்பி நேரில் சொல்லச் சொன்னேன். மெயில் விழுந்திருக்கும்போது மெயிலில் அறிவிப்பு அனுப்ப முடியாதல்லவா.

வெளியிலிருந்து அனுப்புகிறவர்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சர்வரே முழுதாக நின்றுபோனாலும் அனுப்பும் சர்வர்கள் மறுபடி மறுபடி முயலும். மின்னஞ்சல் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபிக்கு 2008இல் வெளியான வரையறை, கைவிடுவதற்கு முன் பொதுவாக நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது. பாயிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இங்கே ஒரு இடைச்செருகல். யாரோ ஒருவர் பத்து மெயில்களைத் தவறுதலாக அழித்துவிட்டார் என்பதற்காக ஸ்னாப்ஷாட்டைத் தொடாதீர்கள். அழித்த மெயில் இயல்பாகப் பதினான்கு நாள் வரையும், நீக்கிய அஞ்சல் பெட்டி முப்பது நாள் வரையும் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கும். அவுட்லுக்கிலேயே அழித்தவற்றை மீட்கும் பகுதி உண்டு. இந்தப் பெரிய வேலை தரவுத்தளமே போனவர்களுக்கானது.

டயல்டோன்: காலியான பெட்டியோடு கடையைத் திறப்பது

மீட்பு முடிய இரவாகும் என்று தெரிந்தது. அதுவரை அறுபத்திரண்டு பேரை வெறுங்கையோடு உட்கார வைக்க முடியாது. இதற்காகவே எக்ஸ்சேஞ்சில் டயல்டோன் என்றொரு முறை இருக்கிறது. நல்ல வட்டில் காலியான ஒரு புதிய தரவுத்தளத்தை உருவாக்கி, எல்லாருடைய அஞ்சல் பெட்டியின் இருப்பிடத்தையும் செட் மெயில்பாக்ஸ் கட்டளையால் அதற்கு மாற்றி, ஏற்றிவிட வேண்டியது. பழைய மெயில் எதுவும் தெரியாது. ஆனால் புதிய மெயில் வரும், போகும். வரிசையில் காத்திருந்தவை வந்து இறங்கும்.

அவுட்லுக்கைத் திறந்தால், சர்வர் மீட்பு நிலையில் இருக்கிறது, தற்காலிகப் பெட்டியைப் பயன்படுத்துகிறீர்களா, பழைய தரவை இணைப்பின்றிப் பார்க்கிறீர்களா என்று கேட்கும். தற்காலிகப் பெட்டியைத் தேர்ந்தால் மெயில் அனுப்பலாம். பழையதைப் பார்க்க வேண்டுமானால் அவுட்லுக்கை மூடித் திறந்து மற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் ஆவணப் பிரிவு அண்ணன் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்து, மறுநாள் காலைக்கான ஏற்றுமதி ஆவணங்களை ஆறே கால் மணிக்குள் அனுப்பி முடித்தார். அதன் பிறகு என்மீது இருந்த அழுத்தம் பாதியாகக் குறைந்தது. அவசரம் குறைந்தால் தவறும் குறையும். அதனால்தான் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்கிறேன்.

ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பார்ப்பது

எங்கள் ஸ்னாப்ஷாட் தினமும் வேறொரு சேமிப்புப் பெட்டிக்கு நகலாகிறது. அந்தப் பெட்டி பின்னறையில், தரையிலிருந்து ஆறடி உயரப் பலகையில் இருக்கிறது. வடசென்னையில் மழைக்காலத்தைப் பார்த்தவர்கள் எதையும் தரையில் வைப்பதில்லை. ஸ்னாப்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு அதே வட்டுத் தொகுப்பில் விட்டுவைப்பவர்கள் அதைக் காப்பு நகல் என்று நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான ஸ்னாப்ஷாட்டுகள் மாறாத பகுதிகளை மூல வட்டிலிருந்தே படிக்கின்றன. மூல வட்டு போனால் அதுவும் போகும்.

ஸ்னாப்ஷாட்டைத் தனி டிரைவாக இணையுங்கள், படிக்க மட்டும். அதிலிருந்து தரவுத்தளக் கோப்பையும், அதனுடன் உறைந்திருக்கும் லாக் கோப்புகளையும் மீட்புக்கென்று ஒதுக்கிய டிரைவில் தனித்தனிக் கோப்புறைகளுக்கு நகலெடுங்கள். அந்த டிரைவில் தரவுத்தளத்தின் இரண்டு மடங்கு இடமாவது காலியாக இருக்க வேண்டும். 212 ஜிபி எங்கள் கிகாபிட் இணைப்பில் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. தம்பி அந்த நேரத்தில் பர்மா பஜார் எதிரே போய் அத்தோவும் முட்டை மசாலாவும் வாங்கிவந்தான். இந்த வேலையில் பசியோடு உட்காராதீர்கள். எண்களைத் தவறாகப் படிப்பது அப்போதுதான்.

இனி ஈஎஸ்இயூட்டில் என்ற கருவி. எக்ஸ்சேஞ்சுடனேயே வருவது, கறுப்புத் திரையில் இயக்குவது. கட்டளையோடு சேர்த்துத் தட்டும் அதன் விசைகளில் எம்எச், கே, எம்எல், ஆர் என்ற நான்கு போதும். பி என்ற ஐந்தாவது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எம்எச் விசையுடன் தரவுத்தளக் கோப்பைக் கொடுத்தால் அதன் தலைப்பகுதியைக் காட்டும். நிலை என்ற வரியில் கிளீன் ஷட்டவுன் அல்லது டர்ட்டி ஷட்டவுன் என்று இருக்கும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்த கோப்பு டர்ட்டி என்றே காட்டும். பயப்படாதீர்கள், இயல்பு அதுதான்: ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைப் படம் பிடித்தால் பேரேட்டில் ஏறாத சீட்டுகள் சில இருக்கத்தான் செய்யும். எந்தச் சீட்டுகள் தேவை என்பதை லாக் ரிக்வயர்டு என்ற வரி சொல்லும். எங்களுக்கு 18342 முதல் 18350 வரை என்று காட்டியது. இந்த ஒன்பது கோப்புகள் கட்டாயம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தரவுத்தளம் ஏறாது. 18342 என்பது கோப்பின் பெயரில் 47ஏ6 என்று இருக்கும். பக்கத்திலேயே அடைப்புக்குள் பதினாறடிமான எண்ணையும் காட்டுவதால் கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிய தாள் இன்னமும் சர்வர் அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

பிறகு கே விசை. கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்க்கும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். வட்டு இரண்டு மணிக்கு முன்பே கெட்டிருந்தால் ஸ்னாப்ஷாட்டிலும் அந்தக் கெட்ட பக்கம் இருக்கும். அப்போது முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டுக்குப் போக வேண்டும். லாக் கோப்புகள் அதுவரை இருந்தால் அங்கிருந்தும் முன்னேறலாம். எங்களுடையதில் பிழை இல்லை.

லாக் கோப்புகளைச் சேர்ப்பது

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது, இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

உங்களிடம் இப்போது இரண்டு தொகுப்பு லாக் கோப்புகள் இருக்கின்றன: ஸ்னாப்ஷாட்டுக்குள் இருந்தவை, விழுந்த சர்வரிலிருந்து நீங்கள் நகலெடுத்தவை. இரண்டிலும் ஈ00 என்று எண் இல்லாத கோப்பு ஒன்று உண்டு. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. ஸ்னாப்ஷாட்டின் ஈ00 இரண்டு மணிக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு. சர்வரின் ஈ00 நாலே முக்காலுக்கு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. முதலாவதை இரண்டாவதன்மேல் எழுதிவிட்டால் கடைசி நிமிட மெயில்கள் போய்விடும், வரிசையும் குழம்பிவிடும். இரண்டு மணிக்குத் திறந்திருந்த அந்தக் கோப்பு பிறகு மூடப்பட்டு, எண் பெற்று, சர்வரின் தொகுப்பில் இருக்கும். ஆகவே ஸ்னாப்ஷாட்டின் ஈ00வும் செக்பாயின்ட் கோப்பும் மீட்புக் கோப்புறைக்குள் வரவே கூடாது. சர்வரின் தொகுப்பை அடிப்படையாக வைத்து, அதில் இல்லாத எண்களை மட்டும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்து நிரப்புங்கள்.

நிரப்பியதும் எம்எல் விசையை ஈ00 என்ற முன்னொட்டுடன் இயக்குங்கள். ஒவ்வொரு லாக் கோப்பாகத் திறந்து பார்த்து, சேதம் உண்டா, வரிசை விட்டிருக்கிறதா என்று சொல்லும். எங்களுக்கு 18342 முதல் 19850 வரை 1,509 கோப்புகள் இருக்க வேண்டும். 18911 இல்லை. கோப்பு காணவில்லை என்பதற்கான மைனஸ் 528 பிழை. 1,508 கோப்புகள் இருந்தும் ஒன்று இல்லாததால் அதற்கு மேல் போக முடியாது. பாதி நாளோடு நின்றுவிடும்.

இரவு எட்டரை மணி. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஆன்டிவைரஸ் எதையாவது எடுத்து வைத்திருக்குமா?” என்று கேட்டான். அவன் கேட்டது சரி. அன்று காலை வந்த ஒரு மெயிலின் இணைப்பில் வைரஸ் இருந்திருக்கிறது. அந்த மெயில் எழுதப்பட்ட லாக் கோப்பையே ஆன்டிவைரஸ் தூக்கித் தன் தனிமைச் சிறையில் போட்டுவிட்டது. அங்கே திறந்து பார்த்தால் 49டிஎஃப், அதாவது 18911, முழுதாக இருந்தது. வெளியே எடுத்து வைத்து எம்எல்லை மறுபடி இயக்கினோம். வரிசை சேர்ந்துவிட்டது. தரவுத்தளக் கோப்புறையையும் லாக் கோப்புறையையும் ஆன்டிவைரஸ் தொடக் கூடாதவை என்று பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். பழைய கோப்புறைக்கு அந்த விலக்கு இருந்தது, லாக்குகளைப் புதிய வட்டுக்கு மாற்றியபோது அதைப் புதுப்பிக்கவில்லை. உங்களுடையதை இன்றே பாருங்கள்.

உங்களுக்கு அப்படி ஒரு கோப்பு கிடைக்கவே இல்லை என்றால், விடுபட்ட எண்ணுக்கு மேலுள்ள எல்லாக் கோப்புகளையும் ஒதுக்கிவிட்டு அதுவரை மட்டும் ஏற்றலாம், விடுபட்டது கட்டாயத் தொகுப்புக்கு மேலே இருந்தால். மீதியை சேஃப்டி நெட் என்ற பகுதியிலிருந்து எடுக்க முயலுங்கள். எக்ஸ்சேஞ்ச் 2013 முதல், பெட்டியில் சேர்த்து முடித்த மெயில்களின் நகலையும் போக்குவரத்துப் பகுதி இயல்பாக இரண்டு நாள் வைத்திருக்கிறது. ஆட் ரீசப்மிட் ரிக்வெஸ்ட் கட்டளையில் தரவுத்தளத்தையும் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கொடுத்தால் அந்த இடைவெளியின் மெயில்களை மறுபடி கொண்டுவந்து சேர்க்கும். நாள்காட்டிக் குறிப்பு, வரைவு, கோப்புறை மாற்றம் போன்றவை அதில் வராது. வந்த மெயில்கள் வரும். சர்வரைப் பழைய நிலைக்குத் திருப்பக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றுவது

இப்போது ஆர் விசை. முன்னொட்டு ஈ00, எல் என்ற விசையில் லாக் கோப்புகள் இருக்கும் இடம், எஸ் விசையில் செக்பாயின்ட் கோப்புக்கான இடம், டி விசையில் தரவுத்தளம் இருக்கும் இடம். டி விசையை விட்டுவிட்டால் லாக்கில் குறித்திருக்கும் பழைய பாதையில் தரவுத்தளத்தைத் தேடப் போகும். அங்கே உங்கள் மூலக் கோப்பு இருந்தால் விபரீதம். மூன்று இடங்களும் மீட்பு டிரைவில்தான் இருக்கின்றனவா என்று எண்டர் தட்டுவதற்கு முன் உரக்கப் படியுங்கள். நான் படிக்க, தம்பி திரையைப் பார்த்துச் சரி சொன்னான்.

புள்ளிகளால் ஒரு கோடு மெல்ல வளரும். முடிந்ததும் எம்எச்சை மறுபடி இயக்கினேன். கிளீன் ஷட்டவுன். இரண்டு மணிப் படம் நாலே முக்கால் மணிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்து மீட்புத் தரவுத்தளம். நியூ மெயில்பாக்ஸ் டேட்டாபேஸ் கட்டளையில் ரெகவரி என்ற சொல்லைச் சேர்த்து, இந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்து ஏற்றுங்கள். இந்த வகைத் தரவுத்தளத்துக்குப் புதிய மெயில் வராது, யாரும் அவுட்லுக்கில் திறக்க முடியாது. நீங்கள் மட்டும் பார்க்கும் அறை. ஏற்றிய பின் கெட் மெயில்பாக்ஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் கட்டளையால் உள்ளே இருக்கும் பெட்டிகளையும் எண்ணிக்கைகளையும் பாருங்கள். அறுபத்திரண்டும் இருந்தன.

இந்த இடத்தில் இரண்டு வழி. பெட்டிகள் சிறியவை, ஒன்றிரண்டு பேருக்குத்தான் தேவை என்றால், மீட்பு அறையிலிருந்து நியூ மெயில்பாக்ஸ் ரெஸ்டோர் ரிக்வெஸ்ட் கட்டளையால் நேரே அவர்கள் பெட்டிக்குள் ஊற்றிவிடலாம். ஏற்கெனவே இருக்கும் மெயிலை அது மறுபடி சேர்ப்பதில்லை. 212 ஜிபியை அப்படி ஊற்றினால் விடிந்தாலும் முடியாது. எனவே இடம் மாற்றினோம்: டயல்டோன் தரவுத்தளத்தையும் மீட்புத் தரவுத்தளத்தையும் இறக்கி, மீட்டெழுதலாம் என்ற அனுமதியை அமைப்பில் கொடுத்து, கோப்புகளை ஒன்றின் இடத்தில் மற்றதாக மாற்றி, பெயர்களையும் மாற்றி, இரண்டையும் ஏற்றினோம். இப்போது முழு அஞ்சலும் கொண்ட தரவுத்தளம் எல்லாருக்கும் முன்னால். மாலை முழுதும் காலிப் பெட்டியில் சேர்ந்த சில நூறு மெயில்கள் மீட்பு அறையில். அந்தச் சிறியதை எடுத்துப் பெரியதில் ஊற்றுவது அரை மணி நேர வேலை. மூல டயல்டோன் கோப்பையும் மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். கைப்பழக்கமாகிவிட வேண்டிய விஷயம் அது.

பத்தரை மணிக்கு பாய் தன் மேசையில் அவுட்லுக்கைத் திறந்தார். நாலு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு வந்த டெலிவரி ஆர்டர் முதல் பக்கத்தில் இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. எழுந்துபோய் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பி விசையைப் பற்றி

தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை ஈஎஸ்இயூட்டிலின் பி விசையாகத்தான் இருக்கும். பழுது நீக்குவது என்று அதற்குப் பெயர். படிக்க முடியாத பக்கங்களை அது வெட்டி எறியும். எந்தப் பக்கத்தில் யாருடைய மெயில் இருந்தது என்று உங்களிடம் சொல்லாது. வெட்டிய பிறகு லாக் கோப்புகளை அதன்மேல் ஏற்றவும் முடியாது, ஆக முன்னேறும் வழியும் அடைபடும். ஸ்னாப்ஷாட்டும் லாக்கும் இருக்கும் ஒருவர் இதைத் தொடக் காரணமே இல்லை. வேறு எதுவுமே இல்லாதவர்கள் நகலின்மேல் மட்டும் இயக்கட்டும். தரவுத்தளம் ஏறினாலும் அதிலேயே தொடர்ந்து வாழாமல், பெட்டிகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டு அதைக் கைவிடட்டும்.

அன்றிரவே செய்து முடிக்க வேண்டியவை

மீட்டெடுத்த தரவுத்தளத்துக்கு உடனே ஒரு முழுக் காப்பு நகல் எடுங்கள். இரண்டு மணி வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையால் எழுத்தர்களின் (ரைட்டர் எனப்படும் துணை நிரல்களின்) பட்டியலைப் பார்த்து, எக்ஸ்சேஞ்ச் எழுத்தர் ஸ்டேபிள் என்று இருக்கிறதா, கடைசிப் பிழை இல்லை என்று காட்டுகிறதா என உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது தரவுத்தளத்தைச் சில நொடிகள் அசையாமல் பிடித்துக்கொள்வது இந்த எழுத்தர்தான். பிடித்திருக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. வட்டு மெதுவாக இருந்து அதைத் தாண்டினால் ஸ்னாப்ஷாட் தோற்கும். கருவி “முடிந்தது” என்று மெயில் அனுப்பியிருந்தாலும் எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை அது முடிந்திருக்காது. லாக் கோப்புகள் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறதென்றால் முழுக் காப்பு நடக்கவில்லை என்று பொருள். நடந்திருந்தால் தேவையற்ற லாக்குகள் தானாக அழிந்திருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அவற்றிலேயே இருப்பவர்கள் மாற வேண்டும். இங்கே சொன்ன விசைகளும் வரிசையும் அடுத்து வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனிலும் அப்படியே உதவும்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஏதாவது ஒரு இரவின் ஸ்னாப்ஷாட்டை மீட்பு டிரைவில் இணைத்து, எம்எச்சிலிருந்து மீட்பு அறையில் ஏற்றுவது வரை தம்பியே செய்கிறான். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன், வாய் திறப்பதில்லை. முதல் முறை நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டான். போன மாதம் ஒன்றே முக்கால்.

உடைந்த வட்டிலிருந்து எடுத்த நகலையும் 1,509 லாக் கோப்புகளையும் இரண்டு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். பதினைந்தாம் நாள் ஒவ்வொரு மேசையாகப் போய், அந்த வியாழக்கிழமையில் ஏதாவது குறைகிறதா என்று கேட்டேன். அறுபத்திரண்டு பேரும் இல்லை என்றார்கள். அதன் பிறகுதான் அழித்தேன்.